பழவேற்காடு போன தாத்தா: புதுப்பிப்பு

போன மாதம் காலமான எங்கள் தாத்தா, ஒரு பந்தயத்துக்காகச் சென்னை காசிமேட்டிலிருந்து வடக்கே பழவேற்காடு வரை கட்டுமரத்தில் போனார் என்று எழுதியிருந்தேன். பின்னி துணி மில் தொழிலாளிக்குக் கடலில் என்ன வேலை என்று பலர் கேட்டீர்கள், நியாயமான கேள்விதான். அத்தையையும், கூடப் போன மீனவ நண்பரையும் விசாரித்தேன்.

போனது உண்மை. கடல் வழியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், தெற்கத்திக் காற்றும் வடக்கே ஓடும் நீரோட்டமும் இருக்கிற மாதமாகப் பார்த்து, பாய் கட்டி, எண்ணூர் முகத்துவாரம் தாண்டி சாயங்காலம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே தாத்தா எம்ஜிஆர் பாட்டு பாடினாராம். பந்தயம் என்ன தெரியுமா? ஒரு தட்டு அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ்! திரும்பியது பஸ்ஸில், பாட்டிக்கு ஒரு கூடை நண்டோடு. பாட்டி பல நாள் பேசவில்லை, நண்டுக்குழம்பு மட்டும் அன்றைக்கே வைத்துவிட்டார்.

1996-ல் மில் மூடியபோது எல்லோரும் இடிந்து போய் உட்கார்ந்திருக்க, இவர் பேரப்பிள்ளைகளை ராயபுரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது இங்கேதான் என்று, ஏதோ தானே ஓட்டியதுபோல் விளக்கிக்கொண்டிருந்தார்.

சரி, அந்தக் கட்டுமரப் பயணத்துத் துடுப்பின் படம் கேட்டவர்களுக்கு: அது அத்தை வீட்டு மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது, அடுத்த முறை போகும்போது எடுத்துப் போடுகிறேன்.