கத்திரி வெயிலில் ஹார்ட் டிஸ்க்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேலூரிலிருந்து:

சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். போன மே மாதம், கத்திரி நேரம். ஒரு கல்யாண வீடியோவை இன்னொரு டிரைவுக்குக் காப்பி போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் காப்பி பாதியில் நிற்கிறது, டிரைவையே காணோம். சிபியுவுக்குள் டக், டக் என்று சத்தம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி டிரைவைத் தொட்டேன். இரண்டு நொடிக்கு மேல் விரல் வைக்க முடியவில்லை. அணைத்து, டேபிள் ஃபேன் முன்னால் அரை மணி நேரம் விட்டு மறுபடி போட்டதும் நல்ல வேளையாக வந்துவிட்டது. முதல் வேலையாகக் கல்யாண ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினேன். அப்புறம்தான் டிரைவின் சூட்டையும் நிலைமையையும் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். 58 டிகிரி. சி5 வரிசையில், அதாவது படிக்கத் தடுமாறிய செக்டார்களின் (வட்டில் தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகள்) கணக்கில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏறியிருந்தது.

மேசைக்குக் கீழே சிபியுவுக்கென்று மர அறை, பின்னால் பலகை அடைத்தது. முன்பக்கச் சல்லடையில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இரண்டு டிரைவும் இடைவெளியே இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்று. டெஸ்க்டாப் டிரைவ்கள் பலவற்றுக்கு நிறுவனங்கள் சொல்லும் உச்சவரம்பு 60 டிகிரி. ஏசி இல்லாத என் அறை மதியத்தில் 38-ஐத் தொடும். மிச்சம் 22 தான். குளிர்நாட்டில் 20 டிகிரி அறையில் இருப்பவருக்கு அதே டிரைவில் 40 டிகிரி இடம் இருக்கிறது. அங்கிருந்து வரும் 'ஃபேன் தேவையில்லை' என்ற அறிவுரையை நம் ஊரில் நம்பவே நம்பாதீர்கள்.

பலகையைக் கழற்றினேன். டிரைவ்களுக்கு நடுவே ஒரு தட்டு காலியாக விட்டேன். முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் ஒன்று, காற்றை உள்ளே இழுக்கும்படி மாட்டினேன். மறுநாள் அதே மதியம், அதே அறை, 44 டிகிரி.

கோவையிலிருந்து:

அண்ணே, 44 நல்ல அளவு. அதற்கும் கீழே இறக்க மெனக்கெட வேண்டாம். நான் சர்வர் அறையில் வேலை பார்ப்பவன். குளிர குளிர நல்லது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையைப் படித்ததும் அந்த எண்ணம் போயிற்று. ரொம்பக் குளிர்ச்சியாக ஓடியவைதான் அதிகம் பழுதாகியிருந்தன. மூன்று வயதைத் தாண்டிய டிரைவ்களில்தான் சூட்டின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. உங்கள் டிரைவ் பழசு என்றால் சி5 எண்ணை வாரம் ஒரு முறை பாருங்கள். அது மேலும் ஏறினால் டிரைவை மாற்றிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

சூடான டிரைவை ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கேட்டேன். மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இருந்த டிரைவ். பாலித்தீன் பையில் சுற்றி இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்தேன். காலையில் எடுத்து மேசையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே மேல் தகடு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். சாதாரண டிரைவில் காற்று போய்வர ஃபில்டர் வைத்த ஒரு சின்னத் துளை உண்டு. 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். நம் கடலோர ஈரக்காற்று அது வழியாகவும் போகும். உள்ளே சுற்றும் வட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். கரண்ட் கொடுத்ததும் கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேலூர் அண்ணன் செய்தது போல அணைத்து, ஃபேன் முன்னால் விட்டிருந்தால் அந்தப் படங்களை எடுத்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.