ஜூலா கோட்டை நாடக விழா: ஹங்கேரிய மொழி தெரியாமல் போகலாமா?

தூனாக்கரை:
வணக்கம். புடாபெஸ்டில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். ருமேனிய எல்லையோரம் ஜூலா என்ற ஊரில் கோட்டைக்குள்ளேயே ஷேக்ஸ்பியர் விழா நடக்கிறதாமே? எனக்குக் கடையில் பேசும் அளவுக்குத்தான் ஹங்கேரிய மொழி வரும், அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அவருக்கு முட்டிவலி, சுத்த சைவம் வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பேக்கேஷ் அக்கா:
தம்பி, யோசிக்காமல் கூட்டி வாருங்கள். நான் பக்கத்து ஊர் பேக்கேஷ்சாபாவில் இருக்கிறேன். கோடை வந்தால் ஜூலாவுக்கு ஓடிவிடுவேன்.

கோட்டை அரங்கம் 1964இல் தொடங்கியது, ஷேக்ஸ்பியர் விழா 2005இல். முழுக்கச் செங்கல்லால் கட்டிய கோட்டை. 1566இல் துருக்கியர் பிடித்து, 1695 வரை அவர்கள் கையில் இருந்தது. அதன் முற்றத்தில்தான் மேடை. ஜூலை கடைசியில் அங்கே சூரியன் மறையவே எட்டே கால் ஆகிவிடும். அதனால் முதல் காட்சிகளில் விளக்கு இருப்பதே தெரியாது, கதை முற்ற முற்ற இருட்டும் கூடவே ஏறும். சோக நாடகத்துக்கு இதைவிட நல்ல ஒளியமைப்பை யாராலும் செய்ய முடியாது என்பேன்.

மொழி பற்றி: இன்பியல் நாடகம் வேண்டாம். அதில் பாதிச் சிரிப்பு வார்த்தை விளையாட்டில் இருக்கிறது, சுற்றிலும் எல்லோரும் சிரிக்க நீங்கள் விழித்துக்கொண்டு இருப்பீர்கள். ஹாம்லெட், லியர், மக்பெத் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுங்கள். உங்கள் அம்மாவுக்கு எந்த இடத்தில் என்ன வசனம் என்று மனப்பாடமாகவே இருக்கும். ஹாம்லெட்டை 1867இல் ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்த கவிஞர் யானோஷ் ஆரோன் பிறந்த ஊர், இங்கிருந்து எல்லை தாண்டினால் வந்துவிடும் சலோந்தா. இங்கே படித்தவர்களுக்கு அந்த வரிகள் அத்துப்படி. தெரிந்த வரி வரும்போது வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்வதை நீங்களே உணர்வீர்கள். எனக்கு அதற்காகவே போக வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். கோடை முழுவதும் அந்த அரங்கில் நிகழ்ச்சிகள் உண்டு, எல்லாமே ஷேக்ஸ்பியர் அல்ல. வெளிநாட்டுக் குழுக்கள் வந்தால் தங்கள் மொழியில் நடித்து, ஹங்கேரிய வரிகளைத் திரையில் ஓடவிடுவார்கள். நிகழ்ச்சி நிரலில் மொழியையும் பாருங்கள்.

முட்டிவலிக்குக் கீழ்வரிசை இருக்கை கேளுங்கள், ஒரு மெத்தை எடுத்து வாருங்கள். கொசு மருந்து கட்டாயம்.

செகெத் மாணவன்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அன்றே புடாபெஸ்ட் திரும்ப நினைக்காதீர்கள். புடாபெஸ்டின் கெலெதி ரயில் நிலையத்தில் ஏறி, பேக்கேஷ்சாபாவில் மாறிப் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். நாடகம் முடிய இரவு பதினொன்று ஆகிவிடும். அறையை முன்னாலேயே பிடியுங்கள், வெந்நீர்க் குளியலுக்காகவே ஜூலையில் ஊர் நிரம்பி வழியும். அந்தக் குளம் கோட்டையை ஒட்டியே இருக்கிறது, அம்மாவின் முட்டிக்கும் இதமாக இருக்கும்.

தூனாக்கரை:
இருவருக்கும் நன்றி. சாப்பாடு? மழை வந்தால்?

பேக்கேஷ் அக்கா:
ஊர் பெயரே தொத்திறைச்சியால்தான் பிரபலம், அதனால் கேட்டு வாங்குங்கள். லாங்கோஷ் கிடைக்கும்: எண்ணெயில் பொரித்த ரொட்டி, மேலே புளிப்புப் பாலாடையும் துருவிய சீஸும். கோடையில் புளிப்புச் செர்ரிப் பழத்தில் குளிர்ந்த சூப் செய்வார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் 1840இல் தொடங்கிய, ‘நூற்றாண்டு’ என்றே பெயர் கொண்ட கேக் கடையில் உட்கார்ந்துவிட்டு, பூங்கா வழியே கோட்டைக்கு நடக்கலாம்.

மழைக்கு மாற்று நாளா, மாற்று அரங்கமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு போதும்.

முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். இங்கே பிடித்துப்போனால் அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டி நடிகர்களைத் திரும்பத் திரும்ப மேடைக்கு அழைப்பார்கள். அம்மாவையும் சேர்ந்து தட்டச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், நானும் அதே நாளுக்கு எடுக்கிறேன்.