அப்பா அம்மா வீட்டுக்கு கீசர் வைக்கணும், 30,000 ரூபாய்க்குள் முடியுமா?

வடவள்ளி_பையன்:
வணக்கம். கோவை வடவள்ளியில் அப்பா அம்மா மட்டும் இருக்கும் பழைய வீடு, 2001இல் கட்டியது, தரைத்தளம் மட்டும்தான். இன்றுவரை பின்கட்டில் செம்பு பாய்லரில் தேங்காய் மட்டை வைத்து எரித்துத்தான் வெந்நீர் போடுகிறார்கள். போன வாரம் அம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது கை நழுவி, பாதத்தில் வெந்நீர் கொட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பொங்கல் லீவில் 5 நாள் ஊரில் இருப்பேன், அதற்குள் கீசர் மாட்டிவிட வேண்டும்.

கடையில் 25 லிட்டர் 5 ஸ்டார் 12,500 என்றார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துவிட்டு, பாத்ரூமில் இருக்கும் சுவிட்ச் போர்டிலேயே கொடுத்துவிடலாம், தனி வயர் தேவையில்லை என்கிறார். பிளம்பரோ டைல்ஸை உடைத்தால் செலவு கூடும், வெளியிலேயே பிவிசி பைப் ஓட்டிவிடலாம் என்கிறார். தண்ணீர் போர்தான், குழாயெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். டேங்க் மொட்டை மாடியில் 5 அடி மேடையில் இருக்கிறது. போன பில் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். 15 லிட்டரா 25ஆ, இல்லை 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போதுமா? சோலார் வாட்டர் ஹீட்டர் போகலாமா? மொத்தம் 30,000 வைத்திருக்கிறேன்.

மின்கம்பி:
தம்பி, கீசரைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தப் போர்டில் இருந்து லைன் எடுக்க விடாதீர்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். அந்தக் காலத்து வீட்டில் பாத்ரூம் லைட்டுக்குப் போயிருப்பது 1 ஸ்கொயர் எம்எம் வயராகத்தான் இருக்கும், தினமும் அரை மணி நேரம் அதில் கீசர் ஓடினால் சுவருக்குள் வயர் சூடாகி நாளடைவில் அதன் உறை கெட்டுப்போகலாம், வெளியே தெரியவே தெரியாது. மெயின் போர்டில் இருந்து 2.5 ஸ்கொயர் எம்எம்மில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனியாக வரவேண்டும், லோடு கூடினால் தானாக விழும் தனி 16 ஆம்ப் எம்சிபி, பாத்ரூமுக்கு வெளியே இண்டிகேட்டர் வைத்த டிபி சுவிட்ச் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிப்பது).

எர்த்தைச் சோதிக்காமல் கீசரை ஆன் செய்யவே கூடாது. 20 வருடத்துக்கு மேலான வீட்டில் எர்த் குழி காய்ந்துபோய்ப் பெயருக்குத்தான் இருக்கும். காய்ந்திருந்தால் புதுசாக ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்று, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டித்துவிடும். ஈரக் கையோடு குழாயைத் தொடுகிற இடம் அது, வயதானவர்கள் வேறு. வயர், எம்சிபி, ஆர்சிசிபி, எர்த், கூலி எல்லாம் சேர்த்து 10,000 முதல் 12,000 வரை தனியாக எடுத்து வையுங்கள். மிச்சம் எவ்வளவோ அதற்குள்தான் கீசர்.

நொய்யல்கரை:
மேலே அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் தண்ணீர் பக்கம் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் போர்தான், அடிபட்டுக் கற்றுக்கொண்டது. முதலில் வாங்கிய கீசரின் டேங்க் 4ஆம் வருடமே கசிந்தது. கேட்டால் உப்புத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை, ஆனோடு ராடை மாற்றவே இல்லையே என்றார்கள். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்! அது மெக்னீசியக் கம்பி. டேங்க் அரிக்காமல் இருக்க அது முதலில் கரையும், கரைந்து தீர்ந்ததும் தண்ணீர் டேங்கைத் தின்ன ஆரம்பித்துவிடும். போர் தண்ணீருக்கு வருடம் ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது கிளாஸ் கோட்டிங் டேங்க்கா, அந்த ராடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டை 50, 55இலேயே வைத்தால் போதும். சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு அதிகமாகப் படியும்.

வெந்நீர் லைனுக்கு சாதா பிவிசி வேண்டவே வேண்டாம், இளகிவிடும். சூடு தாங்கும் சிபிவிசிதான். டைல்ஸை உடைக்காமல் சிபிவிசியையே வெளியே கிளாம்ப் போட்டு ஓட்டலாம், பார்க்கக் கொஞ்சம் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். பிரஷர் பற்றிக் கவலை வேண்டாம். தரையிலிருந்து மாடி 10 அடி, மேடை 5 அடி என்றால் குழாய்க்கு 12 அடி உயரம் கிடைக்கும், பக்கெட் குளியலுக்குத் தாராளம். ஷவருக்குத்தான் போதாது.

அளவு என்று கேட்டால் 15 போதும். 55 டிகிரியில் 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் ஒன்றரை பக்கெட் வரும், 20 நிமிடத்தில் மறுபடி சூடாகிவிடும். இரண்டு பேரும் அடுத்தடுத்து ஓடி ஓடிக் குளிக்கப்போவதில்லையே. இன்ஸ்டன்ட் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப், நிமிடத்துக்கு 3 லிட்டர் விட்டால் 14 டிகிரிதான் ஏறும். மார்கழி விடிகாலையில் டேங்க் தண்ணீர் 20 டிகிரி இருந்தால் 34தான் வரும், வெதுவெதுப்போடு சரி. அப்பாவுக்கு அது பத்தாது.

மொட்டைமாடி:
எல்லோரும் கரண்ட் பக்கமே போகிறீர்களே. கோவை வெயிலுக்கு சோலார் அருமையாக வேலை செய்யும், எங்கள் வீட்டில் 100 லிட்டர் டியூப் மாடல் 9 வருடமாக ஓடுகிறது. ஒரே ஒரு விஷயம், சோலார் டேங்க் மேல் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கும். உங்கள் மேடை 5 அடிதான் என்பதால் அதை உயர்த்த வேண்டியிருக்கும்.

நொய்யல்கரை:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்ங்க. மேடையை உயர்த்தி, சோலார் வாங்கி, மாடியில் இருந்து பைப் இறக்கினால் 30,000 தாண்டிவிடும், எர்த் வேலைக்குக் காசு நிற்காது. உப்பு படிந்த டியூபைக் கழுவ மாடி ஏறுவது யார்? பின்னாடி இவர் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டால் அப்போது போடலாம்.

கணக்கு_டீச்சர்:
பில் பற்றி யாரும் பேசவில்லை. 20 லிட்டரை 25இல் இருந்து 40 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.35 யூனிட். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 0.7, சும்மா நிற்கும்போது போகும் சூடும் சேர்த்து 1 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 60. உங்கள் 430 அப்போது 490 ஆகும். 500ஐத் தாண்டினால் நம் மின்வாரியக் கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அதனால் குளித்து முடித்ததும் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். 430 என்பது கோடைப் பில்லாக இருந்தால் பயமில்லை, குளிர்காலத்தில் ஃபேன் செலவு குறைந்துவிடும்.

வடவள்ளி_பையன்:
எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது. எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் பைப் துருப்பிடித்து இற்றே போயிருந்தது, இவ்வளவு வருடம் கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதை நம்பித்தான் ஓடியிருக்கின்றன என்று நினைத்தாலே பதறுகிறது. புது எர்த் 3,800, வயரிங்கும் ஆர்சிசிபியும் 7,900, சிபிவிசி பைப் வேலை 4,600, கீசர் 15 லிட்டர் 5 ஸ்டார் 8,200, கனெக்ஷன் பைப், போல்ட் 650. மொத்தம் 25,150. மிச்சத்தில் பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி கம்பியும் வழுக்காத மிதியடியும் வாங்கினேன், அப்பா இப்போது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து எழுகிறார். பாய்லரை எடைக்குப் போட அம்மா சம்மதிக்கவில்லை, துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

ஒரு சந்தேகம். சூடாகும்போது கீழே ஒரு வால்வில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டில் அதை அடைத்து வைத்திருக்கிறார்களாம், நானும் அடைத்துவிடலாமா?

மின்கம்பி:
தொடவே தொடாதீர்கள் தம்பி! சூடானதும் தண்ணீர் விரியும், அந்த அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அது, அடைத்தால் டேங்க் வெடிக்கும் அபாயம் உண்டு. ஒரு சின்ன டியூபை மாட்டி, தண்ணீர் போகும் தூம்பு வரைக்கும் விட்டுவிடுங்கள், நுனி திறந்தே இருக்கட்டும். சூடாக்காத நேரத்திலும் நிற்காமல் சொட்டினால் மட்டும் சொல்லுங்கள், வால்வில் உப்பு ஏறியிருக்கும், மாற்றிவிடலாம். பக்கத்து வீட்டுக்கும் இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.