911-இல் எடையை எங்கே குறைப்பது?

கண்ணாடியிழை:
என்னுடையது 1973 மாடல் போர்ஷே 911 டி, 2.4 லிட்டர். இரண்டு மாதமாக அதன் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். முன் பானெட்டும் முன் பம்பரும் கண்ணாடியிழைக்கு மாறிவிட்டன. ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை எல்லாம் வீட்டில் இருக்கின்றன. மொத்தம் 32 கிலோ போய்விட்டது. எஞ்சினைத் தொடாமலேயே வண்டி துள்ளுகிறது. அடுத்தது கதவுகள். குதிரைத்திறனுக்காகப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

பின்னெஞ்சின்:
தம்பி, எடுத்ததெல்லாம் முன்பக்கத்துப் பொருள்கள் என்பதைக் கவனித்தீர்களா? பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சின் தொங்கும் வண்டி அது. முன்சக்கரங்களில் பாரம் போதவில்லை என்று 1960-களின் நடுவில் அந்த நிறுவனமே முன் பம்பரின் இரு முனைகளிலும் தலா 11 கிலோ எடைக்கட்டிகளை ஒளித்து வைத்தது. 1969 மாடலில் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 57 மி.மீ. நீட்டினார்கள்; ஒரு பேட்டரியை இரண்டாக்கி முன் மூலைகளில் உட்கார வைத்தார்கள். 1972-இல் எஞ்சின் எண்ணெய்த் தொட்டியைக்கூடப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். அதன் மூடி வெளிப்புறம் இருந்ததால் பங்கில் அதற்குள் பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள் என்பது தனிக்கதை. அடுத்த ஆண்டே தொட்டி பழைய இடத்துக்குப் போய்விட்டது. பாரத்தை முன்னுக்குக் கொண்டுவர அவர்கள் இத்தனை பாடு பட்டார்கள். நீங்கள் ஒரு ஸ்பேனரால் அதைக் கலைத்துவிட்டீர்கள்.

கண்ணாடியிழை:
அண்ணா, அதே 1973-இல் அவர்களே எடை குறைத்து விற்ற 911 வகையான கரேரா ஆர்எஸ் 2.7-ஐ மறந்துவிட்டீர்களா? மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின் இருக்கை கிடையாது, கதவைத் திறக்கப் பிடிக்குப் பதில் ஒரு நாடா. அதன் அலங்கார வகையைவிட நூறு கிலோ குறைவு. இன்னொன்று: வண்டியின் நடுவிலிருந்து தள்ளி இருக்கும் எடைதான் திரும்புவதற்கு முரண்டு பிடிக்கும். அந்தத் தடை தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். ஓரத்து எடையை எடுப்பதில் என்ன தவறு?

பின்னெஞ்சின்:
இரண்டாவது வாதம் சரியானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரம் என்பது பின்னாலும் இருக்கிறதே! சைலன்சர், பின் பம்பர், எஞ்சின் மூடி. அங்கே குறைத்தால் உங்கள் வர்க்கக் கணக்கும் பலிக்கும், சமநிலையும் முன்னால் நகரும். ஆர்எஸ்-இல் அந்த எஞ்சின் மூடியே கண்ணாடியிழைதான். தவிர, பின்சக்கரத்தை 7 அங்குலத்துக்கு அகலமாக்கி, பின்பக்கத்தைக் காற்று தூக்காமலிருக்க வாத்துவால் போன்ற இறக்கையும் பொருத்தினார்கள். நீங்கள் அந்தப் பாடத்தில் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள்.

பழையபொருள்:
அசல் உதிரிகளை விற்றுத் தொலைத்துவிடாதீர்கள். வண்டியின் விலை அவற்றில்தான் இருக்கிறது. கண்ணாடியிழைக் கதவு பக்கவாட்டில் ஓர் அடியைக்கூடத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தராசு:
வாய்ச்சண்டை எதற்கு? நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து எடை போடுங்கள். டேங்க் நிரம்பியிருக்கட்டும். அதுவும் முன்னால்தான் இருக்கிறது; பெட்ரோல் தீரத்தீர முன்பக்கம் இன்னும் லேசாகும்.

கண்ணாடியிழை:
போட்டேன். வேலை தொடங்கும் முன்பு முன்சக்கரங்களில் 432, பின்சக்கரங்களில் 620 இருந்தது. இப்போது 396, 624. பின்னால் எதையும் ஏற்றவில்லை. நான்கு கிலோ எங்கிருந்து வந்தது? தராசில் கோளாறோ என்று மூன்று முறை போட்டுவிட்டேன்.

தராசு:
கோளாறில்லை. கிணற்றுத் துலாதான். பம்பரும் ஸ்டெப்னியும் முன் அச்சைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே இருக்கும் பாரம் முன் அச்சை அழுத்துவதோடு பின் அச்சைச் சற்றுத் தூக்கியும் பிடிக்கும். அதை எடுத்ததும் பின்பக்கம் இறங்கிவிட்டது. 41 சதவீதமாக இருந்த முன்பாரம் 39-க்கும் கீழே போய்விட்டது.

பின்னெஞ்சின்:
ஈரச்சாலையில் ஓட்டினீர்களா?

கண்ணாடியிழை:
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை மழை விட்டதும் மலைப்பாதைக்குப் போனேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கைக்கு வெண்ணெய் போல இருந்தது, வண்டி மட்டும் நேராகவே போனது. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான், மூக்கு உள்ளே திரும்பியது, வால் வெளியே வீசியது. எதிரே யாரும் வராதது என் அதிர்ஷ்டம். டயர் பழையது என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னெஞ்சின்:
டயரும் பழையதாக இருக்கலாம். முதலில் ஸ்டெப்னியை வையுங்கள். முன்பக்கம் எடை குறைந்து எழும்பியிருக்கும், ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரின் திருகைத் திருகி உயரத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் சைலன்சரைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள், முதுகு சொல்லும்.

கண்ணாடியிழை:
ஸ்டெப்னி இன்றே திரும்புகிறது. கதவு வேலையை நிறுத்திவிட்டேன், சைலன்சருக்கு விலை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய பம்பரைத் திரும்ப மாட்ட மாட்டேன், அண்ணா. புதியதற்கு மூன்று கை பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

பின்னெஞ்சின்:
அப்படியானால் அதன் இரு முனைகளிலும் 11 கிலோ கட்டி வையுங்கள்.