பழைய எஞ்சின் மீட்டரை என்எம்இஏ 2000-இல் சேர்க்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. நாகப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகில் ஓடுவது பழைய லேலண்ட் டீசல் எஞ்சின், 24 வோல்ட். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர், ஆர்பிஎம் மூன்றும் முள் மீட்டர்கள். புதிதாக வாங்கிய ஜிபிஎஸ் பிளாட்டர் திரையிலும், என்எம்இஏ 2000 (படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க்) வழியாக, இவை தெரிய வேண்டும். முள் மீட்டரைக் கழற்ற மாட்டேன். திரை அணைந்தால் டிரைவர் அண்ணனுக்கு அதுதான் துணை.

முள் மீட்டர் சிக்னலை அந்த நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும் ஆக்டிசென்ஸ் இஎம்யு-1 மாதிரி கன்வெர்ட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இதுதான்: சென்டர் (எஞ்சினில் அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார்) ஒயரில் மீட்டரோடு சேர்த்து இதையும் இணைத்தால் முள் காட்டும் அளவு மாறுமா? சென்டர் 10-180 ஓம் வகையா, 240-33 ஓம் வகையா என்று படகிலேயே மல்டிமீட்டரால் எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒயரைக் கழற்றித்தானே அளக்க வேண்டும்?

நெட்வொர்க் லைனுக்கு 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் அது சீக்கிரம் கெடும், அதனால் தனி டிசி கன்வெர்ட்டர் போடுகிறேன். இரு முனையிலும் போட 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) வாங்கியாயிற்று.

ஆர்பிஎம்முக்கு ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து (வேகத்துக்கு ஏற்ப சிக்னல் தரும் முனை) எடுத்தவர்கள், கணக்கை எப்படிச் சரிசெய்தீர்கள்? வயரிங் படம் இருந்தால் போடுங்கள். தடைக்காலம் முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.