கேம் ஆர்ட் டைரக்டர் வேலை தெரிந்தவர்கள் யாராவது?

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து மொபைல் கேம் ஒன்று செய்கிறோம். கதை நடப்பது தேயிலைத் தோட்டத்தில். தம்பி பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் செய்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தகரக் கூரையின் துரு வரைக்கும் தெரிகிறது. தங்கச்சி வரைந்த கொழுந்து பறிக்கிற அக்காவோ பெரிய கண்ணும் தடித்த கோடுமாக கார்ட்டூன். தனித்தனியே இரண்டும் அருமை. கேம் செய்கிற யூனிட்டி மென்பொருளில் சேர்த்து வைத்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

நிறம், வெளிச்சம், கோட்டின் தடிப்பு எல்லாம் முடிவுசெய்து ஸ்டைல் கைடு போட்டு, வருகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்வதுதான் ஆர்ட் டைரக்டர் வேலை என்கிறார்கள். வரைவதைவிட "இது வேண்டாம்" என்று சொல்வதுதான் அதிகம் போல! எங்களில் அதை யார் சொல்வது?

அப்புறம் மிஸ்ட், அதாவது மூடுபனி. அது இல்லாமல் மலையகம் ஏது? ஆனால் அதைக் காட்ட ஒளி ஊடுருவுகிற படங்களை அடுக்கடுக்காக வைத்தால் விலை குறைந்த போனில் கேம் இழுக்கிறது. தூரத்து மலையை வெளிறவிட்டு, கிட்ட ஒரே ஒரு அடுக்கு வைத்தால் போதுமா? இதில் கடைசி முடிவு ஆர்ட் டைரக்டருடையதா, புரோகிராமருடையதா?

சின்ன டீமுக்கு ஏற்ற ஸ்டைல் கைடு மாதிரி இருந்தாலும் அனுப்புங்கள். அனுபவமுள்ள அண்ணன், அக்கா யாராவது ஞாயிற்றுக்கிழமை சூமில் கொஞ்ச நேரம் பேசினால் பெரிய உதவி.