வெயிலுக்குத் தாங்குற கோழி எது? மலேசியா சுங்கை சிப்புட்காரங்க சொல்றது

லயத்து வீட்டிலிருந்து:
பிரம்மா கோழி வளர்க்கலாமான்னு தங்கச்சி கேட்டிருந்தீங்க. என் பக்கத்து வீட்டுல ஒரு ஜோடி நிக்குது. கால் விரல் வரைக்கும் முடி, நடந்து வந்தா ராஜா மாதிரி இருக்கும். ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து பாருங்க. றெக்கையை உடம்புல ஒட்டாம விரிச்சு வெச்சுக்கிட்டு, அலகைத் திறந்து, தொண்டைத் தோலு படபடன்னு அடிக்க நிக்கும். தீனி போட்டாலும் திரும்பாது. கோழிக்கு வேர்க்காதும்மா, மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். நம்ம ஊரு காத்துல இருக்கிற ஈரத்துக்கு அதுவும் சரியா எடுபடாது. கேமரன் மலையில இருக்கிறவங்க தாராளமா வளர்க்கட்டும்.

நான் முதல்ல கொண்டையைத்தான் பார்ப்பேன். பெரிய ஒத்தைக் கொண்டையும் தொங்குற தாடியும் இருந்தா, ரத்தம் அது வழியா ஓடி சூடு வெளியே போகும். வெள்ளை லெக்ஹார்ன் கோழி இங்க தாக்குப்பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதைவிட மொட்டைக்கழுத்துக் கோழி நல்லாத் தாங்கும். மத்ததைவிட 30, 40 சதவீதம் முடி குறைவு. வீட்டுக்காரி மூஞ்சியைச் சுளிச்சா. குழம்புல விழுந்தப்புறம் கழுத்தை யாரு பார்க்கப் போறா?

கம்பத்து வீட்டிலிருந்து:
அண்ணே, கம்பத்துக் கோழி, அதான் நம்ம கிராமத்து நாட்டுக்கோழி, இருக்கையில வெளிநாட்டு ஜாதி எதுக்கு? அதோட மூதாதையே செம்பனைக் காட்டுல கூவுற காட்டுக்கோழிதான். எடை மெதுவா ஏறும், அது ஒண்ணுதான் குறை. அந்தக் குறைக்குத்தான் புத்ரா பல்கலைக்கழகம் அக்கார் புத்ரா கோழியையும், மார்டி விவசாய ஆராய்ச்சி நிலையம் சாகா கோழியையும் கொண்டு வந்தாங்க. குஞ்சு கிடைச்சா எனக்கும் சொல்லுங்க.

முட்டைக்கு வளர்க்கிற அக்கா:
எந்த ஜாதியா இருந்தாலும் வெயில் ஏறினா முட்டை ஓடு மெலிஞ்சு போகும். கோழி மூச்சு வாங்க வாங்க ரத்தத்துல கரியமிலவாயு குறையும், ஓட்டுக்குச் சுண்ணாம்பு சரியா சேராது. கூடையிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டு நசுங்கும். நான் சிப்பியை இடிச்சுத் தனிச் சட்டியில வெச்சிருக்கேன், வேணுங்கிறது வந்து கொத்திக்கும். தீனி விடியக்காலையிலயும் பொழுது சாயவும் மட்டும்தான். உச்சி வெயில்ல தின்னா செரிக்கிற சூடும் சேர்ந்துக்கும். ஜிங்குத் தகரக் கூரை மேல தென்னையோலை போடுங்க, செலவே இல்லை.

தங்கச்சி:
சரிங்க அண்ணே, பிரம்மா வேண்டாம். அப்போ பஞ்சு மாதிரி முடி இருக்கிற சில்க்கி கோழி? சூப்புக்குன்னு சீனக் கடையில கேட்கிறாங்களே, நல்ல விலை போகுமே?

லயத்து வீட்டிலிருந்து:
விலை போகும்தான். நிழல் இருந்தா வெயிலையும் ஓரளவு சமாளிக்கும். மழைதான் அதுக்கு ஆகாது. அந்தப் பஞ்சு முடியில தண்ணி வழியாது, தோலு வரைக்கும் ஊறிடும். நம்ம பக்கம் சாயங்கால மழை எப்படி வரும்னு தெரியும்ல? இருட்டிக்கிட்டு வரும்போதே கூண்டுல அடைக்க வீட்டுல ஆள் இருந்தா வாங்குங்க.